விரலில் மாட்டும் கிளிப்பும் மாரடைப்பும்

கொவிட் வந்துபோன பிறகு இலங்கையின் மலையகத்தில் யாருக்கும் விளக்கத் தேவையில்லாத மருத்துவக் கருவி ஒன்று இருக்கிறது. விரல் நுனியில் மாட்டும் அந்தச் சின்னக் கிளிப். ஊசி குத்துவதில்லை, இரத்தம் எடுப்பதில்லை. உள்ளே சிவப்பு வெளிச்சம் மினுங்கும். சில விநாடிகளில் 97, 98 என்று இரத்தத்தில் உள்ள ஒட்சிசனின் அளவைச் சொல்லிவிடும்.

மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த ஒரு பெண், நெஞ்சு கனக்கிறது, கை உளைகிறது என்று தோட்ட டிஸ்பென்சரிக்கு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். கிளிப்பை மாட்டினால் அப்போதும் அது 97 என்றே காட்டக்கூடும். இதயத்துக்கு இரத்தம் கொண்டுபோகும் முடியுரு நாடி ஒன்று அடைபட்டு இதயத் தசை நிமிடத்துக்கு நிமிடம் செத்துக்கொண்டிருந்தாலும் 97தான். வந்திருப்பது மாரடைப்பா, வெறும் வாய்வா என்று தெரிய ஈ.சி.ஜி. எடுக்க வேண்டும், இரத்தம் எடுத்துச் சோதிக்க வேண்டும். அதற்கு டிக்கோயா ஆதார வைத்தியசாலைக்கோ நுவரெலியா மாவட்டப் பொது வைத்தியசாலைக்கோ போக வேண்டும். குழாய் விட்டு அடைப்பைத் திறப்பதென்றால் ஹட்டன் பக்கத்துக்காரர்கள் கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை என்று வளைந்து வளைந்து இறங்கிக் கண்டிக்குப் போக வேண்டியிருக்கும்.

வெளிச்சத்தைப் பாய்ச்சி ஒட்சிசனைப் படிக்க முடிகிறதே, மாரடைப்பை மட்டும் ஏன் படிக்க முடியவில்லை?

பதிலைத் தேத்தண்ணியிலிருந்து தொடங்கலாம். கண்ணாடிக் கோப்பையில் சாயத் தேத்தண்ணியை ஊற்றி ஜன்னலுக்கு நேரே பிடியுங்கள். சாயம் கூடக் கூட மறுபக்கம் வரும் வெளிச்சம் குறையும். எவ்வளவு குறைகிறது என்று அளந்தால், உள்ளே எவ்வளவு சாயம் கரைந்திருக்கிறது என்று கணக்குப் போட்டுவிடலாம். தேயிலை ஆய்வுகூடங்களில் உண்மையாகவே இதைத்தான் செய்கிறார்கள். தேத்தண்ணிக்கு நிறம் தருபவை தியாஃபிளேவின், தியாருபிஜின் என்ற இரு வகைச் சேர்வைகள். 380, 460 நானோமீற்றர் அலைநீளமுள்ள ஒளியைச் சாற்றுக்குள் செலுத்தி, எவ்வளவு உறிஞ்சப்படுகிறது என்பதை வைத்து அவற்றை அளக்கும் முறையை ரொபர்ட்ஸ், ஸ்மித் என்ற இருவர் 1960களின் தொடக்கத்தில் வகுத்துக் கொடுத்தார்கள். தலவாக்கலை சென்ட் கூம்ஸ் தோட்டத்தில் இயங்கும் தேயிலை ஆராய்ச்சி நிறுவகம் போன்ற இடங்களில் தேயிலை இரசாயனம் படிப்பவர்களுக்கு இது பழகிய பாடம்.

விரல் கிளிப்பும் இதே கணக்கைத்தான் போடுகிறது. இரத்தத்தின் சாயம் ஈமோகுளோபின். ஒட்சிசனைச் சுமந்திருக்கும்போது அதற்கு ஒரு நிறம், இறக்கிவைத்த பிறகு வேறொரு நிறம். 660 நானோமீற்றர் சிவப்பு ஒளியை ஒட்சிசன் இல்லாத ஈமோகுளோபின் கூடுதலாக விழுங்கும். 940 நானோமீற்றர் அளவில் உள்ள, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை ஒட்சிசன் உள்ளது கூடுதலாக விழுங்கும். இரண்டையும் மாறி மாறிப் பாய்ச்சி ஒப்பிட்டால் விகிதம் கிடைக்கும்.

ஆனால் விரலில் இரத்தம் மட்டுமா இருக்கிறது? தோல், எலும்பு, நகம் எல்லாமே ஒளியை விழுங்குபவைதான். இந்தச் சிக்கலை அவிழ்த்தவர் ஜப்பானின் நிஹோன் கோடன் நிறுவனப் பொறியியலாளர் தக்குவோ அவோயாகி. இதயம் துடிக்கும் ஒவ்வொரு தடவையும் நாடிக்குள் கொஞ்சம் புது இரத்தம் பாய்கிறது. அந்தக் கணத்தில் மட்டும் ஒளி சற்றுக் கூடுதலாக விழுங்கப்படுகிறது. தோலும் எலும்பும் துடிப்பதில்லை. ஆகவே துடிக்கும் பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியைக் கழித்துவிடலாம். 1974இல் அவர் வெளியிட்ட இந்த யோசனைதான் இன்று டிஸ்பென்சரி மேசையில் கிடக்கிறது.

அப்படியானால் மாரடைப்பின் சாயம் எது?

இதயத் தசை சாகும்போது அதன் உள்ளிருக்கும் பொருட்கள் இரத்தத்தில் கசிகின்றன. உடலுக்குள் நடப்பதை இப்படி வெளியே காட்டிக்கொடுக்கும் பொருளை உயிர்ச்சுட்டி என்று சொல்லலாம். 1954இல் நியூயோர்க்கில் லடூ, வுரோப்லெவ்ஸ்கி, கார்மன் மூவரும் மாரடைப்பு வந்தவர்களின் இரத்தத்தில் ஒரு நொதியம் ஏறுவதைக் கண்டார்கள். இன்று ஈரல் நோய்க்குப் பார்க்கும் ஏ.எஸ்.ரி. என்ற அதே நொதியம்தான். குறை என்னவென்றால், அது ஈரலிலும் கை கால் தசைகளிலும் இருக்கிறது. காலை முதல் செங்குத்தான சரிவில் ஏறி இறங்கி, கொழுந்துச் சுமையைத் தூக்கி நடப்பவரின் தசைகளும் அதைக் கொஞ்சம் கசியவிடும். பின்னாளில் வந்த சீ.கே. பரிசோதனைக்கும் ஏறக்குறைய இதே சங்கடம். உடலை வருத்தி உழைப்பவர்கள் விஷயத்தில் இந்தப் பழைய பரிசோதனைகள் எளிதில் தடுமாறக்கூடியவை.

விடை வந்தது தசை எப்படிச் சுருங்குகிறது என்று தேடியவர்களிடமிருந்து. 1960களில் தோக்கியோவில் செத்சுரோ எபாஷியும் அயாக்கோ கொதாமாவும் தசை இழைகளில் ஒரு புரதத்தைப் பிரித்தெடுத்தார்கள். கல்சியம் வந்தால் சுருங்கு, போனால் தளர் என்று தசையை ஆளும் புரதம் அது. பெயர் ட்ரோபோனின். மாரடைப்பைப் பற்றி அவர்கள் அப்போது யோசிக்கவேயில்லை. பிறகுதான் தெரிந்தது, இதயத்தில் உள்ள ட்ரோபோனின் ஐ, ட்ரோபோனின் ரி இரண்டும் கை கால் தசைகளில் உள்ளவற்றிலிருந்து வேறுபட்டவை என்று. இதய ட்ரோபோனின் ஐ புரதத்தின் ஒரு முனையில் சுமார் 30 அமினோ அமிலங்கள் கூடுதலாக நீண்டிருக்கும். மற்றத் தசைகளில் அந்த வால் கிடையாது. 1980களின் இறுதியில் ஜேர்மனியின் ஹைடல்பேர்க் நகரில் ஹூகோ காட்டுஸ் குழுவினர் இதய ட்ரோபோனின் ரி புரதத்தை இரத்தத்தில் அளக்கும் பரிசோதனையை உருவாக்கினார்கள். கூடை சுமந்த தசையையும் அடிபட்ட இதயத்தையும் அதன்பிறகு பிரித்தறிய முடிந்தது.

இனித்தான் வெளிச்சத்துக்குச் சோதனை. ஒரு லீற்றர் இரத்தத்தில் ஈமோகுளோபின் சுமார் 140 கிராம் இருக்கும். பரவலாகப் பயன்படும் ஒரு ட்ரோபோனின் ரி பரிசோதனையில் கவலைக்குரிய எல்லை லீற்றருக்கு 14 நானோகிராம். ஒரு நானோகிராம் என்பது கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு. வகுத்துப் பார்த்தால், ஒரு பங்கு ட்ரோபோனினுக்கு ஆயிரம் கோடிப் பங்கு ஈமோகுளோபின். போதாததற்கு ட்ரோபோனினுக்குக் கண்ணில் படும் நிறமே கிடையாது. தேத்தண்ணியில் மேலும் மேலும் தண்ணீர் ஊற்றிக்கொண்டே போனால் ஒரு கட்டத்துக்குப் பிறகு சாயம் இருந்தும் கண்ணுக்கோ கருவிக்கோ தெரியாது. இங்கே நிலைமை அதைவிட எத்தனையோ மடங்கு மோசம். கிளிப்பை எவ்வளவு நுணுக்கமாகச் செய்தாலும் ஒளி உறிஞ்சலை மட்டும் நம்பி இதைப் பிடிக்க முடியாது.

ஆகவே ஒளிக்கு ஒரு துணை வேண்டும். அந்தத் துணை, பிறபொருளெதிரி. நோய்க் கிருமியை அடையாளம் கண்டு பற்றிக்கொள்வதற்காக உடல் செய்யும் புரதம் இது. ஒரு குறிப்பிட்ட வடிவத்தைத் தவிர வேறெதையும் எளிதில் பிடிக்காது. 1975இல் கேம்பிரிட்ஜில் கோலரும் மில்ஸ்டைனும் ஒரே வகைப் பிறபொருளெதிரியை வேண்டிய அளவு வளர்க்க வழி கண்டார்கள். இதய ட்ரோபோனினை மட்டும் பிடிக்கும் இரண்டு வகைகளை எடுத்துக்கொள்வோம். ஒன்றைப் பிளாஸ்டிக் பரப்பில் ஒட்டிவைக்கிறோம். இரத்தத் திரவம் அதன்மேல் ஓடும்போது ட்ரோபோனின் அங்கே சிக்கிக்கொள்கிறது. பிறகு ஒளிரக்கூடிய மூலக்கூறு கட்டிய இரண்டாவது வகையை விடுகிறோம். அது ட்ரோபோனினின் மறுபக்கத்தைப் பற்றிக்கொள்ளும். கடைசியாகக் கழுவிவிடுகிறோம். எத்தனையோ மடங்கு இருந்த மற்றப் பொருட்களெல்லாம் தண்ணீரோடு போய்விடும். ட்ரோபோனின் சிக்கிய இடத்தில் மட்டும் ஒளி மிஞ்சும்.

இருட்டில் தோன்றும் ஒளியை அளப்பது, பிரகாசத்தில் ஏற்படும் குறைவை அளப்பதைவிட மிகச் சுலபம். பெரிய வைத்தியசாலைகளின் ஆய்வுகூட இயந்திரங்கள் பல, மின்சாரம் தொட்டால் ஒளிரும் ருதேனியம் சேர்வையைக் கட்டி, வெளிவரும் ஒளித்துகள்களை எண்ணுகின்றன.

இவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது பின்லாந்தின் தூர்க்கு நகரத்தவர்கள் 1980களில் வளர்த்தெடுத்த உத்தி. ஒளிரும் பொருளாக யூரோப்பியம் என்ற அருமண் உலோகத்தை அவர்கள் தேர்ந்தார்கள். புறஊதாக் கதிரை ஒரு கணம் பாய்ச்சினால் இரத்தத்தில் உள்ள வேறு பொருட்களும் பிளாஸ்டிக்கும்கூட மெல்ல ஒளிரும். அந்த வீண் ஒளி உண்மையான ஒளியை மறைத்துவிடும். ஆனால் வீண் ஒளி சில நானோவிநாடிகளில் அணைந்துவிடுகிறது. யூரோப்பியத்தின் சிவப்பு ஒளியோ மில்லிவிநாடிக் கணக்கில், அதாவது இலட்சக்கணக்கான மடங்கு நேரம் நீடிக்கிறது. ஆகவே விளக்கை அணைத்துவிட்டுச் சற்றுப் பொறுத்து, மற்றதெல்லாம் ஓய்ந்தபின் அளந்தால் போதும். அதிகப் பிரகாசத்தைத் தேடாமல் பொறுமையைக் கொண்டு வென்ற அழகான பௌதிகம் இது.

தோட்டத்துக்கு அந்த இயந்திரங்கள் வராது என்பதால் பட்டைப் பரிசோதனையைப் பற்றிச் சொல்ல வேண்டும். கர்ப்பப் பரிசோதனையிலும் கொவிட் பரிசோதனையிலும் பார்த்த அதே சிவப்புக் கோடு. அந்தச் சிவப்பு பெரும்பாலும் தங்கம். தங்கத்தை நானோமீற்றர் அளவுத் துகள்களாக்கினால் அதன் இலத்திரன்கள் பச்சை ஒளியோடு சேர்ந்து ஆடி அதை விழுங்கிவிடுகின்றன; மிஞ்சுவது மாணிக்கச் சிவப்பு. மைக்கேல் பரடே 1857இலேயே இந்தச் செந்தங்கக் கரைசல்களை ஆராய்ந்தார். தங்கத் துகளில் பிறபொருளெதிரியைக் கட்டினால் ட்ரோபோனினுக்கும் பட்டை தயார். விற்கவும் செய்கிறார்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கை. கண்ணால் பார்க்கும் பல பட்டைகள் லீற்றருக்கு ஏறக்குறைய 500 நானோகிராம் இருந்தால்தான் கோடு காட்டும். பரவலாகப் பயன்படும் ஒரு நுண்ணுணர்வு ட்ரோபோனின் ஐ பரிசோதனையில் எல்லை ஆண்களுக்கு 34, பெண்களுக்கு 16. பெண்களின் எல்லையை முப்பது மடங்குக்கு மேல் தாண்டினால்தான் பட்டை பேசும். கோடு வந்தால் உடனே ஓட வேண்டும். வராவிட்டால் எதுவும் இல்லை என்று எடுத்துக்கொள்ளவே கூடாது. அந்தப் பட்டையைக் காட்டி ஒருவரை லயத்துக்குத் திருப்பி அனுப்புவதைவிடப் பட்டை இல்லாமலிருப்பதே நல்லது என்பேன்.

ஆணுக்கும் பெண்ணுக்கும் ஏன் வேறு எல்லை? நுண்ணுணர்வுக் கருவிகள் வந்த பிறகு, ஆரோக்கியமானவர்களின் இரத்தத்திலும் துளியளவு ட்ரோபோனின் இருப்பது தெரியவந்தது. நலமாக உள்ள நூறு பேரை வரிசைப்படுத்தி, 99 பேர் எந்த அளவுக்குக் கீழே இருக்கிறார்களோ அதையே எல்லையாக வைக்கிறார்கள். பெண்களின் இதயம் பொதுவாகச் சிறியது, வழக்கமான கசிவும் குறைவு. இருபாலாருக்கும் பொதுவான எல்லையை வைத்தபோது பெண்கள் பலர் தவறவிடப்பட்டார்கள். எடின்பரோவில் நடந்து 2015இல் வெளியான ஆய்வு ஒன்றில், நுண்ணுணர்வுப் பரிசோதனையையும் தனித்தனி எல்லைகளையும் பயன்படுத்தியதும் பெண்களில் மாரடைப்பு என்று கண்டறியப்பட்டவர்கள் 11 சதவீதத்திலிருந்து 22 சதவீதமாக இரட்டித்தார்கள். ஆண்களில் 19 சதவீதம் 21 ஆனது, அவ்வளவுதான். பெண்களுக்கு நெஞ்சுவலியோடு மூச்சு வாங்குதல், குமட்டல், காரணமில்லாத களைப்பு ஆகியவையும் அடிக்கடி சேர்ந்து வரும். கொழுந்து பறிப்பவர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்கள் என்பதால் இது நமக்குத் தூரத்துச் செய்தி இல்லை. "வாய்வுதான், இஞ்சித் தண்ணி குடி" என்று கேட்டுக் கேட்டே உட்கார்ந்திருப்பவர்கள் அவர்கள்.

இந்த நிலையில் அண்மையில் வந்த இரண்டு கருவிகளைக் கவனிக்கலாம்.

முதலாவது, மணிக்கட்டில் கட்டும் அகச்சிவப்புக் கருவி. ஊசியே இல்லாமல் தோலுக்கு மேலிருந்து ட்ரோபோனின் உயர்வைக் கண்டுபிடிக்கிறது என்கிறார்கள். இந்தியாவில் ஐந்து மருத்துவமனைகளில் 238 நோயாளிகளிடம் பரிசோதித்து, பார்த்தோ சென்குப்தா குழுவினர் 2023இல் முடிவை வெளியிட்டார்கள். ஐந்து நிமிடத்தில், சுமார் 90 சதவீதத் துல்லியம். நம் கிளிப்பின் கனவு நனவானது போலத் தோன்றும். எனக்குத் தயக்கம் இருக்கிறது. ஆயிரம் கோடிக்கு ஒன்று என்ற கணக்கு அப்படியே இருக்கிறது; பிறபொருளெதிரி இங்கே இல்லை. கருவியின் பின்னால் உள்ள கணினிக் கற்றல் ட்ரோபோனினையே காண்கிறதா, நோயாளியின் உடலில் அதோடு சேர்ந்து மாறும் வேறெதையோ காண்கிறதா என்பது தெளிவாக வேண்டும். பரிசோதிக்கப்பட்ட எல்லோரும் இதய நோய்க்காக ஏற்கெனவே மருத்துவமனையில் சேர்ந்திருந்தவர்கள். காலையில் வேலைக்கு ஆள் கூடும் பெரட்டுக்களத்தில் நிற்கும் நூறு பேரில் ஒருவரைப் பிரித்தெடுப்பது வேறு வேலை.

தோலின் நிறமும் கேள்விதான். விரல் கிளிப்பிலேயே இது நடந்தது. 2020இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வில், கிளிப் 92 முதல் 96 வரை காட்டியபோது உண்மையான அளவு 88க்குக் கீழே இருந்தது வெள்ளையரில் 3.6 சதவீதம் தடவைகளில்; கறுப்பினத்தவரில் 11.7 சதவீதம். அவோயாகியின் யோசனைக்கு ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் கழித்து, கோடிக்கணக்கான கிளிப்புகள் விற்ற பிறகு, உலகம் இதை உரக்கப் பேசியது. வெயிலில் உழைத்துக் கறுத்த கைகளில் சரிபார்க்காத மணிக்கட்டுக் கருவி எதையும் மலையகத்துக்குக் கொண்டுவர யாரும் அவசரப்படக் கூடாது.

இரண்டாவது கருவியில் இவ்வளவு ஆரவாரம் இல்லை. எனக்கு இதில்தான் நம்பிக்கை. விரலில் குத்திய ஒரு துளி இரத்தம், எட்டு நிமிடம், கையடக்கக் கருவி. பிலிப்ஸ் நிறுவனத்தில் பிறந்து இன்று சீமென்ஸ் விற்கும் நுட்பம் இது. பிறபொருளெதிரி கட்டிய நுண்ணிய காந்தத் துகள்கள் துளியில் கலந்து ட்ரோபோனினைப் பிடிக்கின்றன. கீழிருக்கும் காந்தம் அவற்றைப் பரப்புக்கு இழுக்கிறது. மேலிருக்கும் காந்தம் ஒட்டாதவற்றை விலக்குகிறது. கழுவும் வேலையைக் காந்தமே செய்துவிடுகிறது. பரப்பின் அடியிலிருந்து சாய்வாகப் பாய்ச்சும் ஒளி, பாடசாலையில் படித்த முழு உட்தெறிப்பின்படி முழுவதும் திரும்பிவர வேண்டும். துகள் ஒட்டிய இடத்தில் மட்டும் ஒளி நழுவிவிடும். திரும்பிவரும் ஒளி எவ்வளவு குறைந்தது என்று பார்த்தால் ட்ரோபோனின் எவ்வளவு என்று தெரியும். துணையாகப் பிறபொருளெதிரி இருக்கிறது, அளவு நுண்ணுணர்வு எல்லையைத் தொடுகிறது, தோலின் நிறம் குறுக்கே வருவதில்லை. விலையும், குளிர்பதனத்தில் வைக்க வேண்டிய பரிசோதனைப் பொருட்களும்தான் தடை. தோட்டத்துக்கு ஒன்று என்று கேட்பது பேராசை. டிக்கோயா, நுவரெலியா போன்ற வைத்தியசாலைகளுக்கு அப்பால், கிராமப்புறச் சிறு வைத்தியசாலைகளுக்கு ஒன்று என்று கேட்பது நியாயம்.

எந்தக் கருவி வந்தாலும் ட்ரோபோனின் சாட்சிதான். சேதம் நடந்த பிறகுதான் வாய் திறக்கும். வலி தொடங்கி முதல் இரண்டு மூன்று மணி நேரத்தில் பழைய வகைப் பரிசோதனைகள் எதையும் காட்டாமல் போகலாம். அதனால்தான் ஒருமுறை பார்த்துவிட்டு, ஒரு மணி அல்லது மூன்று மணி நேரம் கழித்து மறுபடி பார்க்கிறார்கள். ஏறுகிறதா என்பதே முக்கியம். நாட்பட்ட சிறுநீரக நோயில் அது எப்போதுமே சற்று உயர்ந்து நிற்கும். எலிக்காய்ச்சல் இதயத்தைத் தாக்கினாலும் ஏறும். இதயத்துக்கு அடி விழுந்தது என்று எண் சொல்லும். அடித்தது யார் என்பதை டொக்டர்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

முதலில் ஈ.சி.ஜி. என்பதும் இதனால்தான். அதில் அடைப்பு தெளிவாகத் தெரிந்தால் இரத்த முடிவுக்குக் காத்திராமல் உறைகட்டியைக் கரைக்கும் ஊசியைப் போடுவார்கள். 1986இல் வெளியான இத்தாலிய ஆய்வில், வலி தொடங்கிய ஒரு மணி நேரத்துக்குள் அத்தகைய ஊசியான ஸ்ட்ரெப்டோகைனேஸ் கிடைத்தவர்களிடம் மரணம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. நேரம் தள்ளத் தள்ள அந்தப் பலன் தேய்ந்துகொண்டே போனது.

ஆகவே தோட்டத்தில் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். நெஞ்சில் கனமோ இறுக்கமோ பத்து நிமிடத்துக்கு மேல் விடாமல் இருந்தால், வியர்த்துக் கொட்டினால், வலி கைக்கோ தாடைக்கோ ஏறினால், கிளிப்பில் வரும் எண்ணைப் பார்த்து ஆறுதல் அடையாதீர்கள். 1990க்கு அழையுங்கள், சுவசெரிய அம்பியூலன்ஸ் இலவசம். வைத்தியசாலையில் ஈ.சி.ஜி. எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். புறப்படும்போது வலி தொடங்கிய நேரத்தை ஒரு காகிதத்தில் எழுதி நோயாளியின் கையில் கொடுத்துவிடுங்கள். அந்த நேரம் தெரியாமல் ட்ரோபோனின் எண்ணை எந்த டொக்டராலும் சரியாகப் படிக்க முடியாது.